கையில் ஏறாத காப்பு

"அந்த உம்மாட முகத்த நீ உன்ட கண்ணால பாத்தயா?"

"ஓம் மிஸ். ஐடென்டியோட ஒத்துப் பாத்துத்தான் சரி எண்டு சென்னன்."

"அவ உன்னோட என்ன கதைச்சவ?"

"அத நான் செல்லக்கூடாது மிஸ்."

எனக்குச் சந்தேகம் பிடித்தது இந்த இடத்தில்தான். களவுப் பழியோடு படியேறி வந்து, காப்பாற்றுங்கள் என்று அழாக்குறையாகக் கேட்டுவிட்டு, இரண்டாவது கேள்விக்கே வாயைப் பூட்டிக்கொள்கிற ஆளை நான் இதற்கு முன் கண்டதில்லை. பல் வலிக்காரன் டொக்டரிடம் போய், வாயைத் திறக்கமாட்டேன் என்று அடம்பிடிப்பது போலத்தான்.

"மிஸ், இவக்கு நாமளும் வேணாம், லோயரும் வேணாம். பூட்டுக் கடைக்காரன்தான் வேணும்," என்றேன்.

இமக்குலேற் மிஸ் என் பக்கம் திரும்பவில்லை. கச்சான் கடலையின் கோதை உடைத்துக்கொண்டே அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கொம்பனி ஒன்றில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். எரியாத கடைக்கு எரிந்ததாகவும், சாகாத மாட்டுக்குச் செத்ததாகவும் நட்டஈடு கேட்டு வந்தவர்கள் அவரைக் கண்டால் றோட்டை மாற்றிப் போவார்கள். பென்சன் எடுத்த கையோடு கல்முனை பஸாரில் ஃபென்சிக் கடை ஒன்றின் மேல்மாடியில் கதிரை போட்டு, தனியாகத் துப்பறியத் தொடங்கிவிட்டார். நான் ஜுனைட். அவருடைய உதவியாளன், ஓட்டோ ஓட்டுகிறவன், கச்சான் வாங்கப் போகிறவன். மூன்று வேலைக்கும் சேர்த்து ஒரு சம்பளம். அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

முன்னால் இருந்த பிள்ளையின் பெயர் ஹுஸ்னியா. வரிப்பத்தான்சேனைக்காரி. கெம்பஸில் கடைசி வருடம். ஏதாவது ஒரு வங்கியில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தால்தான் அவளுடைய படிப்புக்குப் பட்டம் கொடுப்பார்கள். அவளுக்குக் கிடைத்தது நெய்தல் வங்கியின் கல்முனைக் கிளை. அடகுப் பிரிவில் போட்டார்கள். முகம் மூடிய பெண்கள் நகை மீட்க வந்தால், பக்கத்து அறைக்கு அழைத்துப் போய் முகத்தையும் அடையாள அட்டையையும் ஒத்துப் பார்க்க வேண்டியது பெண் ஊழியர்கள். அந்த வேலையைத் தூக்கி ட்ரெய்னிங் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டிருந்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம். மனேஜர் உட்பட ஆண்களில் பாதிப்பேர் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். கறுப்பு அபாயாவில் ஒருவர் வந்து, அடகுச் சீட்டைக் கொடுத்து, காசைக் கட்டி, சாய்ந்தமருது சபியா உம்மாவின் பெயரில் இருந்த எட்டுப் பவுண் காப்புகளை மீட்டுக்கொண்டு போயிருக்கிறார். முகம் பார்த்துச் சரி சொன்னது ஹுஸ்னியா.

திங்கட்கிழமை சபியா உம்மாவின் மகன் றிபாஸ் வங்கிக்கு வந்து, சீட்டைக் காணவில்லை என்றிருக்கிறார். உங்கள் உம்மாவே வந்து மீட்டுவிட்டார் என்று சொன்னதும் சத்தம் போட்டிருக்கிறார். "வாப்பா மௌத்தாகி ரெண்டு மாசம். உம்மா இத்தாவுல இரிக்கா. வாசப்படி தாண்டல்ல. அப்ப வந்த ஆரு?"

இதற்குக் கல்முனையில் யார் மறுபேச்சுப் பேசுவார்? கணவன் இறந்த பெண், நாலு மாதமும் பத்து நாளுமான இத்தா முடியும் வரைக்கும் வீட்டோடு இருப்பார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே வந்தது ஒரு கள்ளி. கள்ளிக்குக் கதவு திறந்துவிட்டது ஹுஸ்னியா. வங்கியில் எல்லாருக்கும் கணக்கு ஒத்துவிட்டது.

"நேத்து எல்லாரையும் கவுண்டருக்கு முன்னால கூப்பிட்டு வச்சித்தான் மனேஜர் என்னக் கேட்டாரு மிஸ். உனக்கு எவ்வளவு பங்கு எண்டு. இண்டைக்குப் பின்னேரம் மட்டக்களப்புல இரிந்து பெரிய சேர் வாறாராம். வந்ததும் கெம்பஸுக்கு அறிவிப்பாங்க. ட்ரெய்னிங் போனா டிகிரி போயிரும். அதக்கூடத் தாங்கிக்குவன். எங்கட ஊருல களவெடுத்த புள்ள எண்டு ஒருக்காப் பேர் விழுந்தா, மௌத்தாகும் வரைக்கும் கழுவ ஏலா."

"அந்த உம்மா என்ன கதைச்சவ எண்டு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிறன்."

ஹுஸ்னியா பையின் வாரைப் பிடித்து முறுக்கினாள். "அத மட்டும் கேக்காதீங்க மிஸ்."

"ஜுனைட், ஓட்டோவ எடு."

"பூட்டுக் கடைக்கா மிஸ்?"

"பேங்குக்கு."

*

ஹுஸ்னியாவை ஓட்டோவில் இருத்திவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம். மனேஜர் மீராசாஹிபு நல்ல மனிதர்தான். ஆனால் பயந்த மனிதர். பெரிய சேர் வருவதற்குள் யாராவது ஒருவரைப் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருடைய நெற்றியில் வியர்த்து வழிந்தது. அவருக்கு முன்னால், தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேட்டு. அத்தர் வாசம் கதவு வரைக்கும் வந்து எங்களை வரவேற்றது. அவர்தான் றிபாஸ்.

"நீங்க சபியா உம்மாவக் கண்டு கதைச்சீங்களா?" என்று மிஸ் மனேஜரைக் கேட்டார்.

"வீட்டுக்கே போனன் மிஸ். றிபாஸ் தம்பி கேற்றடியில வச்சே எல்லாம் செல்லிட்டாரு. உம்மாக்குச் சுகமும் இல்லையாம். இத்தா வீட்டுக்குள்ள நான் எப்பிடிப் போற?"

"போன் எடுத்தீங்களா?"

"எடுத்தன். தம்பிதான் கதைச்சாரு."

"அப்ப அந்த உம்மாட வாயால ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல."

மனேஜர் றிபாஸைப் பார்த்தார். "பெத்த மகன் செல்றாரே மிஸ்."

பெற்ற மகன் தேத்தண்ணியை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். "மிஸ், அந்தப் புள்ளைட வாழ்க்கையப் பாழாக்க எனக்கு விருப்பமில்ல. நானும் புள்ளகுட்டிக்காரன். பேங்க் காப்புட பெறுமதியத் தந்தாப் போதும். நான் பொலிசுக்கும் போகமாட்டன், வெளியால ஒருத்தரோடயும் கதைக்கவும் மாட்டன்."

"நல்ல மனசு," என்றேன். "எங்கட வீட்டுல ஒரு கோழி காணாமப் போனாலும் நான் மூணு ஊருக்குக் கேக்கக் கத்துவன்."

றிபாஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். மிஸ் கச்சான் சுற்றிய காகிதச் சரையை அவர் பக்கம் நீட்டினார். அவர் வேண்டாம் என்றார்.

"சீட்டு எங்க இருந்த?"

"உம்மாட அலுமாரிக்குள்ள. தேடிப் பாத்தன், இல்ல. ஆரோ அதையும் எடுத்திரிக்காங்க."

"நீங்க உம்மாவோடயா இருக்கிற?"

"இல்ல. அக்கரைப்பற்றுல, மனுசிட வீட்டுல."

"ஓம், ஓம்," என்று மிஸ் தலையாட்டினார். எங்கள் கரையில் கலியாணம் முடிந்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவியின் வீட்டுக்குப் போவான். ஆகவே இந்தப் பதிலில் எனக்கு விசேஷமாக ஒன்றும் படவில்லை. மிஸ் மட்டும் ஒரு கச்சானை உடைக்காமல் விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

கெமராவில் பதிந்ததைப் போட்டுக் காட்டினார்கள். கறுப்பு அபாயா ஒன்று வருகிறது, போகிறது. அதை வைத்துக் கல்முனையில் ஆளைத் தேடுவதென்றால், பெருநாள் தொழுகையில் வெள்ளைத் தொப்பிக்காரனைத் தேடலாம்.

அடகுப் பிரிவுக்குப் பொறுப்பான தனஞ்சயன் சேருக்குச் சந்தேகமே இல்லை. தராசைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"வந்தவ கள்ளி எண்டதுக்கு நான் சாட்சி மிஸ். என்னோட வாய் திறந்து ஒரு சொல்லுக் கதைக்கல்ல. எல்லாம் அந்தப் பிள்ளைட காதுக்குள்ளதான். ஆம்பிளையள் பள்ளிக்குப் போற நேரமாப் பாத்து வந்திருக்கா. அதெல்லாத்தையும் விட ஒண்டு இருக்கு."

"என்ன?"

தனஞ்சயன் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். "இந்தக் கவுண்டர்ல நான் கனகாலம். காப்பு மீட்க வாற பொம்பிளை, காப்பு கைக்கு வந்த உடன போட்டுப் பாப்பா. வளைஞ்சிருக்கா, மாறியிருக்கா எண்டு பாக்கிற. கிழவியும் போட்டுப் பாப்பா, நேத்துக் கலியாணம் முடிச்சவளும் போட்டுப் பாப்பா. போடாமப் போன ஒருத்தியையும் நான் கண்டதில்ல. இவ கையில ஏத்தவே இல்ல. முகம் துடைக்கிற லேஞ்சியில சுத்தி பேக்குக்குள்ள போட்டுட்டுப் போயிற்றா. சொந்தக் காப்பெண்டா அப்பிடிப் போவாவா? நீங்களே சொல்லுங்க."

மிஸ் கையில் உருட்டிக்கொண்டிருந்த கச்சானை அப்படியே சரைக்குள் போட்டுவிட்டு எழுந்தார். இமக்குலேற் மிஸ் உடைக்காமல் ஒரு கச்சானைத் திருப்பிப் போட்டதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

*

சாய்ந்தமருது றோட்டில் ஓட்டோ போய்க்கொண்டிருந்தது. பின்னால் மிஸ்ஸும் ஹுஸ்னியாவும். என் வாய் சும்மா இருக்குமா?

"தனஞ்சயன் சேர் சொன்னது நியாயம்தானே மிஸ். என்ட மனுசி ஒரு காப்ப மீட்டா, பேங்குல இரிந்து வீடு மட்டும் கைய ஓட்டோக்கு வெளியால போட்டுக்கிட்டுத்தான் வருவா. கை காட்டுறா எண்டு நினைச்சு பின்னால வாறவன் எல்லாம் பிரேக் அடிப்பான்."

"ஜுனைட், உன்ட வாப்பா மௌத்தான நேரம் உம்மா இத்தா இருந்தவதானே?"

"ஓம்."

"என்ன உடுத்தவ?"

"வீட்டுக்குள்ள வெள்ளச் சாரி."

"கழுத்துல? கையில?"

"ஒண்டும் இல்ல மிஸ். இத்தாவுல நகநட்டுப் போடப்படா, அத்தர் பூசப்படா. வாப்பாவக் கொண்டுபோய் அடக்கின அண்டே எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டு..."

ஓட்டோ நின்றது. முன்னால் மாடும் இல்லை, ஆளும் இல்லை. பிரேக்கை மிதித்தது நான்தான்.

"கள்ளியா இருந்தா கட்டாயம் காப்பப் போட்டுக் காட்டியிருப்பா," என்றார் மிஸ். "அப்பத்தானே சொந்தக்காரி எண்டு நம்புவாங்க? போடாம லேஞ்சியில சுத்தினவ, போடக்கூடாதவ. தனஞ்சயனோட கதைக்காததும் அதாலதான். அந்நிய ஆம்பிளையோட அவ என்னத்துக்குக் கதைக்க? ஊர் ஆம்பிளையள் முழுப்பேரும் பள்ளிக்குள்ள இருக்கிற நேரம்தான் அவ றோட்டில இறங்கக்கூடிய நேரம். கள்ளி, கள்ளி எண்டு அந்த மனுசன் அடுக்கினதெல்லாம், வந்தது சபியா உம்மாதான் எண்டு சொல்லுது."

பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றுகிற எனக்குப் பிடிபடாத விசயம், மாதா கோயிலுக்குப் போகிற மிஸ்ஸுக்குப் பிடிபட்டிருந்தது. மனேஜரும் அப்படித்தான், றிபாஸின் சத்தத்தைக் கேட்ட மற்றவர்களும் அப்படித்தான். இத்தா என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் யோசிப்பதை நிறுத்திவிட்டோம். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டால் நான் இன்னும் கூடுதலாகக் கதைப்பேன்.

"அப்ப விசயம் வெளிச்சம் மிஸ். உம்மாவும் மகனும் கூட்டு. உம்மா வந்து காப்ப மீட்ட. மகன் வந்து, உம்மா வரவே இல்ல எண்டு சத்தம் போட்டுப் பெறுமதியக் கேக்கிற. காப்பும் கையில, காசும் கையில. வீட்டோட இரிக்கிற உம்மாவ ஆரு சந்தேகப்படுவான்?"

"இல்ல."

சொன்னது மிஸ் இல்லை. ஹுஸ்னியா. காலையிலிருந்து அவள் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

"அந்த உம்மா அப்பிடிப்பட்டவ இல்ல."

மிஸ் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

கண்ணாடியில் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு கடல் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டாள். ஒரு தடவை முகம் பார்த்த மனுசிக்காக இவ்வளவு சாட்சி சொல்வதென்றால், கூட்டில் மூன்றாவது ஆளும் உண்டோ என்று எனக்குள் ஓடியது. வாயை மூடிக்கொண்டு ஓட்டோவை எடுத்தேன்.

*

கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கையில் வீடு. மிஸ் கேற்றைத் தட்டினார். சபியா உம்மாவின் இளைய மகள் வந்து, ஒரு கதவை மட்டும் நீக்கிப் பார்த்தாள். கலியாண வயதுப் பெண்.

"உம்மாவப் பாக்க வந்த," என்றார் மிஸ்.

அவள் எங்களைத் தாண்டி ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "காக்காவா உங்கள அனுப்பின?"

"இல்ல புள்ள. அவருக்கு நாங்க வந்தது தெரியாது."

அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தவள் போலக் கதவை அகலத் திறந்தாள். கூடப்பிறந்த மூத்த காக்கா அனுப்பவில்லை என்றதும் ஒரு வீட்டில் கதவு திறக்கிறதென்றால், அந்தக் காக்காவைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. மிஸ்ஸும் ஹுஸ்னியாவும் உள்ளே போனார்கள். மனேஜரால் போக முடியாத கதவு, அவ்வளவு சுலபமாக. நான் ஆம்பிளை. முற்றத்து முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டேன். ஜன்னலில் வெள்ளைத் திரை போட்டிருந்தது.

உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, சொல் விளங்கவில்லை. ஒரு பெண் அழுகிற சத்தமும் கேட்டது. அது ஹுஸ்னியா இல்லை என்பது மட்டும் விளங்கியது.

கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று கேற்றில் இடிக்காத குறையாக வந்து நின்றது. அத்தர் வாசம் முதலில் வந்தது, றிபாஸ் பிறகு வந்தார்.

"நீ பேங்குக்கு வந்தவன்தானே? இஞ்ச என்ன செய்ற?"

"முருங்கைக்காய் விலைக்குக் கேக்க வந்தன் காக்கா."

"உள்ளுக்கு ஆரு?"

"பொம்பிளையள்."

"என்ன பொம்பிளையள்?"

"பொம்பிளையள்ள என்ன வகை எண்டு நான் எப்பிடிச் செல்ற? காக்கா, கேற்றடியில வச்சே எல்லாத்தையும் கதைச்சு முடிக்கிற ஆள்தானே நீங்க. என்னோடயும் இஞ்சயே வச்சுக் கதைங்களன்."

அவர் என்னைத் தள்ளிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். தள்ளியதில் நான் முருங்கையில் போய் முட்டினேன். கையை ஓங்க வேண்டும் போல் எனக்குக் கோபம் வந்தது.

"றிபாஸ், அங்கேயே நில்லு."

திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல் பெரிதாக இல்லை. ஆனால் அவர் நின்றுவிட்டார்.

"பேங்குல போய் காப்பு களவு போயிட்டு எண்டு சென்னயா?"

"உம்மா, உங்களுக்குத் தெரியாது. ஆரோ ஒருத்தி உங்கட பேரச் செல்லி..."

"நான் கேட்டத்துக்கு மறுமொழி செல்லு."

இமக்குலேற் மிஸ் வாசலில் வந்து நின்றார். "நான் சொல்றன் உம்மா," என்றுவிட்டு றிபாஸின் பக்கம் திரும்பினார். "உங்கட உம்மாவே வந்து மீட்டுட்டா எண்டு பேங்கில சொன்ன நேரம், எந்த மகனும் நேர வீட்ட ஓடிவந்து உம்மாட்டத்தான் கேப்பான். நீங்க ஒரு வார்த்தை கேக்கல்ல. பேங்குக்காரனோட கத்தினீங்க. ஏன் கேக்கல்ல? மறுமொழி என்ன எண்டு உங்களுக்குத் தெரியும். உம்மா மீட்டுட்டா எண்டு கேட்ட அந்த இடத்திலேயே, இத்தா முடியும் மட்டும் அவ வெளிய வந்து கதைக்கமாட்டா எண்டு கணக்குப் போட்டுட்டீங்க."

"வாய்க்கு வந்தபடி கதைக்காதீங்க மிஸ்."

"சரி, ஒண்டு மட்டும் சொல்லுங்க. அக்கரைப்பற்றுல மனுசிட வீட்டில இருக்கிற ஆளுக்கு, சாய்ந்தமருதுல உம்மாட அலுமாரிக்குள்ள சீட்டு இல்லை எண்டது எப்பிடித் தெரிஞ்ச?"

"தேடினன்."

"உம்மாட்டக் கேட்டுட்டா தேடினீங்க?"

திரைக்குப் பின்னாலிருந்துதான் பதில் வந்தது.

"கேக்கல்ல. வாப்பாட நாப்பதாம் கத்தத்து அண்டு, நான் உள்ளுக்கு ஓதிக்கிட்டு இரிக்கக்குள்ள அலுமாரியக் கிண்டினான். சீட்டு என்ட தலகாணி உறைக்குள்ள இரிந்த. அது தங்கச்சிக்கு வாப்பா சேத்த காப்பு. அவர்ட ஒப்பரேசனுக்குத்தான் அடகு வச்ச. இவன் அத வித்து வேன் வாங்கப் பாத்தான். வயல் குத்தகைக் காசு கைக்கு வந்த உடன மகளக் கூட்டிக்கிட்டுப் போய், அவள வெளியால நிக்க வச்சிட்டு மீட்டுட்டன். வேற என்ன செய்ய நான்?"

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். உம்மாவும் மகனும் கூட்டு என்ற என் பெரிய கண்டுபிடிப்பு அத்தோடு முடிந்தது. மகன் வங்கியில் வந்து சத்தம் போட்டது அந்த உம்மாவுக்கு இன்றைக்கு, மிஸ் வந்து சொல்லித்தான் தெரியும்.

"மகள், நீ இதெல்லாத்தையும் முதல்லயே செல்லியிரிக்கலாமே," என்று சபியா உம்மாவின் குரல் உள்ளே திரும்பியது. அவர் கேட்டது ஹுஸ்னியாவை. "அந்த ரூமுக்குள்ள வச்சு நான் உனக்கிட்ட எல்லாம் சென்னனே."

"நீங்கதானே செல்லாத எண்டு சென்னீங்க."

"என்ட மகன் கேட்டா செல்லாத எண்டுதானே புள்ள சென்ன? உன்ட தல போற நேரத்திலயும் செல்லாத எண்டு சென்னனா?"

"அவங்க என்னக் கேட்ட நேரமெல்லாம் உங்கட மகனும் பக்கத்துலதான் இரிந்தாரு உம்மா. மத்தது, பேங்குல சேர்ந்த முதல் நாள் கையெழுத்து வாங்கினாங்க. வாற ஆக்கள்ட விசயத்த வெளியால கதைக்கப்படாது எண்டு. அதுதான் நான் மிஸ்ஸுக்கும் செல்லல்ல."

இதுதான் அந்தப் பூட்டு. வங்கியில் கனகாலம் இருந்தவர்கள் எல்லாம் கவுண்டருக்கு முன்னால் கூட்டம் கூட்டி வாடிக்கையாளரின் வீட்டு விசயத்தை அலசிக்கொண்டிருந்தபோது, அந்தக் கையெழுத்தைக் கையெழுத்தாக நினைத்தது இந்த ட்ரெய்னிங் பிள்ளை ஒன்றுதான். எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது. சந்தேகப்பட்டதற்குக் கவலையும் வந்தது.

மகனைக் காட்டிக் கொடுப்பதா, ஊரான் பிள்ளையைக் கைவிடுவதா என்று ஒரு உம்மா யோசிக்கிற நேரம் அது. றிபாஸுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். "உம்மா, குடும்பத்து மானம்," என்றார்.

"மகள், உன்ட மனேஜருக்கு போன் எடு. நான் கதைக்கன்."

"உம்மா."

"நீ வாய மூடு."

போன் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். முற்றத்துக்கே கேட்டது.

"மனேஜர் தம்பி, நான் சபியா உம்மா. வெள்ளிக்கிழம வந்து காப்ப மீட்டது நான்தான். காப்பு என்னட்ட இரிக்கி. மௌலவிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தன். தேவைக்குப் பகல்ல போறதுக்கு மார்க்கம் விட்டிரிக்கி. ஊருட வாய்தான் விடாது. அது இனிக் கதைக்கிறதக் கதைக்கட்டும்." மூச்சை இழுத்துக்கொண்டார். "என்ட மகன் உங்களுக்குச் சென்னது பொய் தம்பி."

றிபாஸ் யாரையும் பார்க்காமல் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். நான் கேற்றைத் திறந்துவிட்டேன்.

போனில் மனேஜர் தடுமாறிக்கொண்டிருந்தார். "நல்லது உம்மா. நல்லது. நான் பெரிய சேருக்குச் செல்லிக்கிறன். ஹுஸ்னியா இரிக்காவா? ஹுஸ்னியா, ஒண்டும் மனசுல வச்சிக்காதீங்க. கெம்பஸுக்கு ஒண்டும் போகாது. நாளைக்கு வழமை போல வேலைக்கு வாங்க."

ஹுஸ்னியா போனை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"சேர், இப்ப எங்க இரிந்து கதைக்கிறீங்க?"

"என்ட ரூமுக்குள்ள. ஏன்?"

"கொஞ்சம் கவுண்டருக்கு முன்னால வாங்க சேர்."

"என்னத்துக்கு?"

"எல்லாருக்கும் முன்னால வச்சித்தானே எனக்கு எவ்வளவு பங்கு எண்டு கேட்டீங்க. எல்லாருக்கும் முன்னால வச்சே இதையும் செல்லுங்க."

மனேஜர் போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். பிறகு கதிரை நகர்கிற சத்தம் கேட்டது, கதவு திறக்கிற சத்தம் கேட்டது, வங்கியின் சந்தடி கேட்டது.

"தனஞ்சயன் சேர் இரிக்காரா?" என்றாள் ஹுஸ்னியா.

"இரிக்காரு."

"அப்ப செல்லுங்க."

மனேஜர் தொண்டையைச் செருமினார். எல்லாரும் கொஞ்சம் இஞ்ச கேளுங்க என்றார். சந்தடி அடங்கியது. ஹுஸ்னியா களவெடுக்கவில்லை, ஒருவருக்கும் உதவி செய்யவும் இல்லை, அவள் தன் வேலையைச் சரியாகச் செய்தாள், பிழை எங்களுடையது என்று சொன்னார். முதலில் கொஞ்சம் விழுங்கி விழுங்கிச் சொன்னார், பிறகு தெளிவாகச் சொன்னார். யாரோ ஒரு வாடிக்கையாளர் "எந்தப் புள்ள?" என்று கேட்டதும், அதற்குத் தனஞ்சயன் சேர் "எங்கட ட்ரெய்னிங் பிள்ளை" என்று சொன்னதும்கூடக் கேட்டது.

ஹுஸ்னியா கடைசி வரைக்கும் நின்று கேட்டாள். நன்றி சேர் என்று சொல்லி போனை வைத்தாள். அதற்குப் பிறகுதான் வாசல் படியில் உட்கார்ந்து, காலையிலிருந்து அழாத அழுகையை எல்லாம் சேர்த்து அழுதாள்.